மருத்துவம் படிக்காத நான், முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கு என்ன செய்ய முடியும்?

கேள்வி: என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. ஆறு மாதங்களுக்கு முன் முதல் வகை நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் அதே நோயுள்ள, வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்க்கிறேன். நான் வங்கியில் வேலை செய்கிறேன். மருத்துவம் தெரியாது. தன்னார்வலராக நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? மனுக் கொடுப்பதாலும் பிரச்சாரம் செய்வதாலும் உண்மையில் எதுவும் மாறியிருக்கிறதா?

பதில்:

மாறியிருக்கிறது. மாற்றியவர்களில் பலர் உங்களைப் போல் மருத்துவம் படிக்காதவர்கள்: தாய்மார்கள், கணினிப் பொறியாளர்கள், ஓர் எழுத்தாளர்கூட. எனக்குப் பதினொரு வயதில் இந்த நோய் வந்தது. இப்போது வயது நாற்பத்திரண்டு. எங்கள் ஊரில் பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு குழுவில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் யாரிடம் பேசினாலும் விளக்க வேண்டியிருக்கும் ஒரு செய்தி. தாத்தாவுக்கு அறுபது வயதில் வந்த சர்க்கரையும் உங்கள் மருமகனுக்கு வந்ததும் பெயரளவில்தான் ஒன்று. அவன் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. இனிப்பு தின்றதால் வந்ததல்ல. அம்மா கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதால் வந்ததும் அல்ல. இதை உங்கள் அக்காவிடம் ஒருமுறைக்கு நான்கு முறை சொல்லுங்கள். எந்தத் தாயைப் பார்த்தாலும் அந்தக் குற்ற உணர்வைத்தான் முதலில் பார்க்கிறேன். மாத்திரை, நடைப்பயிற்சி, பாகற்காய்ச் சாறு எதுவும் இன்சுலினுக்கு ஈடாகாது. ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரும்.

இந்தச் செய்தியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நோய் கண்டுபிடித்து ஊசி தொடங்கிய சில வாரங்களில், மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்சம் தேறி, இன்சுலின் தேவை திடீரென்று குறையும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில மாதங்கள் நீடிக்கலாம், பிறகு முடிந்துவிடும். ஆனால் அந்தச் சமயத்தில் வீட்டில் கொடுத்த கஷாயமோ போட்ட தாயத்தோதான் வேலை செய்துவிட்டது என்று குடும்பம் நம்பிவிடுகிறது. எனக்கும் அதுதான் நடந்தது. நான்கு யூனிட் போட்டாலே சர்க்கரை சரியாக இருந்த மாதத்தில் என் பாட்டி என்னை ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். ஊசியை நிறுத்தச் சொன்னார்கள். வாந்தியும் மேல்மூச்சுமாக என்னை அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடியபோது எனக்குப் பாதி நினைவுதான் இருந்தது. பாட்டி என்மேல் உயிரையே வைத்திருந்தார். அந்த வீட்டுக்கு வந்து, “இது தேனிலவு, முடிந்துவிடும், ஊசியை விடாதீர்கள்” என்று சொல்ல ஒருவரும் இல்லை. உங்களால் செய்யக்கூடியவற்றில் ஆகப் பெரியது அந்த ஒருவராக இருப்பது. உங்கள் மருமகன் இப்போது இருப்பதே பெரும்பாலும் அந்தக் காலம்தான்.

தன்னார்வலர் இன்சுலின் அளவைச் சொல்லக் கூடாது. அது மருத்துவரின் வேலை. அந்த எல்லையை நான் ஒருபோதும் தாண்டுவதில்லை, நீங்களும் தாண்டாதீர்கள். ஆனால் மருத்துவருக்கு ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது. வீட்டில் நடக்கிற தவறுகள் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் கண்ணில் படுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு செறிவில் கிடைக்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டது ஒன்று, 100 யூனிட் கொண்டது இன்னொன்று. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது எமன். மாறாக, 40 குப்பிக்கு ஆரஞ்சு சிரிஞ்சு போட்டால் போக வேண்டியதில் பாதிகூடப் போகாது, சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், “பிள்ளை திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறான்” என்று அடி விழும். அரசு மருத்துவமனையில் கொடுத்த குப்பி தீர்ந்து, கடையில் அவசரத்துக்கு வாங்கும்போதும், யாராவது நன்கொடையாகக் கொடுக்கும்போதும்தான் இந்தக் குழப்பம் வருகிறது. எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் எவருக்கும் முதல் பாடம் இதுதான். குப்பியையும் சிரிஞ்சையும் கையில் எடுத்து எண்ணைப் பார்ப்பதற்குப் பட்டம் தேவையில்லை.

இன்சுலினை வைக்கும் இடமும் அப்படித்தான். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் என்ன செய்வது? மண்பானைதான். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து கென்ய அகதி முகாம் ஒன்றின் தட்பவெப்பத்தை வைத்து ஓர் ஆய்வு செய்து 2021-ல் வெளியிட்டன. 25-க்கும் 37-க்கும் இடையே வெப்பம் ஏறி இறங்கினாலும் நான்கு வாரம் வரை இன்சுலின் வீரியம் குறையவில்லை என்று தெரிந்தது. ஈரமணல் பரப்பிய பானைக்குள், குப்பியை நீர் புகாத டப்பாவில் வைத்துப் பயன்படுத்தச் சொல்லித் தருகிறோம். அடுப்படிப் பரணில் வைத்த குப்பியை நான் பார்த்திருக்கிறேன். எந்த மருத்துவச் சீட்டிலும் அந்தப் பரண் இடம்பெறாது.

இனி பிரச்சாரத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பிரச்சாரம் இத்தாலியின் பார்மா மாவட்டத்தில் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் அங்குள்ள 177 பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், அதோடு முக்கியமாக, படுக்கையை நனைக்காமல் இருந்து பழகிய குழந்தை திடீரென்று மீண்டும் நனைக்கத் தொடங்குவது: இவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் போங்கள் என்பதுதான் செய்தி. அதற்கு முன்பு அந்த மாவட்டத்தில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளில் 78 சதவீதம் பேர் ரத்தம் அமிலமான ஆபத்து நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது 12.5 சதவீதமாக இறங்கியது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. ஒரு சுவரொட்டியும், அது சரியான அறிகுறியைச் சொன்னதும்தான். “நீரிழிவு விழிப்புணர்வு” என்று பொதுவாக எழுதியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். படுக்கை நனைவது ஒவ்வொரு தாய்க்கும் தெரியும்.

நம் ஊரிலும் இதற்கு ஒப்பான ஒரு கண் இருக்கிறது. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் கிராமத்துப் பாட்டிகள் உஷாராகிவிடுவார்கள். அந்த அறிவைப் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், குழந்தைகளுக்கும் இந்த நோய் வரும் என்று சேர்த்துச் சொன்னால் போதும். அங்கன்வாடியிலும் தொடக்கப் பள்ளியிலும் அதைச் சொல்ல ஆள் வேண்டும். 2021-ல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, இருபது வயதுக்குட்பட்ட முதல் வகை நீரிழிவுள்ளவர்கள் உலகிலேயே அதிகம் இருக்கும் நாடு இந்தியா. ஏறத்தாழ 2.29 லட்சம் பேர். இது கண்டறியப்படாமலே இறந்த பிள்ளைகளைச் சேர்க்காத கணக்கு. காய்ச்சல் என்றும் வயிற்று வலி என்றும் நினைத்துப் புதைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது.

பள்ளி தனிப் போர்க்களம். கழிப்பறைக்குள் நின்று ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். வகுப்பில் ஏதாவது தின்றால் திட்டுவார்கள் என்று, சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினாலும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பெற்றோர்களும் மருத்துவர்களும் இதைப் பற்றி இடைவிடாமல் முறையிட்டிருக்கிறார்கள். 2017-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், இந்த நோயுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, சாக்லேட், பழம், தண்ணீர் முதலியவற்றைக் கொண்டுபோகலாம் என்று சுற்றறிக்கை விட்டது. 2023-ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், வகுப்பிலேயே ரத்தப் பரிசோதனை செய்யவும், ஊசி போடவும், இடையில் சிற்றுண்டி சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. இந்தக் கடிதங்கள் பல பள்ளிகளின் அலமாரியை எட்டவே இல்லை. அவற்றை அச்சடித்து எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் முன் மரியாதையாக உட்கார்வதும் பிரச்சாரம்தான். நான் போன பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் எதிர்ப்பு இருந்ததில்லை, பயம்தான் இருந்தது. “பிள்ளை மயங்கினால் நாங்கள் என்ன செய்வது?” என்பார்கள். நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள் என்று செய்து காட்டினால் முகம் தெளிந்துவிடுகிறது. அந்த ஆசிரியர் அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளையைக் காப்பாற்றுவார்.

பெரிய அமைப்புகளும் இப்படித்தான் தொடங்கின. ராபின் லாரன்ஸ் என்ற இளம் பிரிட்டிஷ் மருத்துவருக்கு, இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சற்று முன்பு இந்த நோய் வந்தது. குடும்பத்தின் கண்முன் சாக வேண்டாம் என்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குப் போய்விட்டார். 1923-ல் லண்டனில் இருந்த சக மருத்துவர், இன்சுலின் வந்துவிட்டது, பலிக்கிறது, உடனே திரும்பி வா என்று செய்தி அனுப்பினார். அரை உயிரோடு திரும்பிப் பிழைத்த அவர், தன்னிடம் சிகிச்சைக்கு வந்த எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸோடு சேர்ந்து 1934-ல் ஒரு சங்கம் அமைத்தார். இன்று அது டயாபெட்டிஸ் யுகே. ஏழை பணக்காரர் பேதமின்றி எல்லோருக்கும் இன்சுலின் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர்களது தொடக்கக் கோரிக்கை. அமெரிக்காவில் 1970-ல் நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய நிதியம் இன்று பிரேக்த்ரூ டி1டி என்ற பெயரில் உலகெங்கும் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறது.

விலைக்கு எதிரான போராட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனு எதையாவது மாற்றுமா என்ற உங்கள் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது. டொரண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2017 ஜூனில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் அலெக் ஸ்மித் என்ற 26 வயது இளைஞர் இறந்தார். இருபத்தாறு வயதானதும் தாயின் காப்பீட்டிலிருந்து அவர் பெயர் நீங்கியது. இன்சுலினுக்கும் மற்றப் பொருள்களுக்கும் மாதம் சுமார் 1,300 டாலர் ஆகும் என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். கையில் அவ்வளவு இல்லை. இருந்ததை மிச்சம் பிடித்துப் போட்டுக்கொண்டார். காப்பீடு முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் தன் அறையில் தனியாக இறந்து கிடந்தார்.

அவருடைய தாய் நிக்கோல் ஸ்மித் ஹோல்ட் சட்டமன்ற உறுப்பினர் அல்லர், மருத்துவரும் அல்லர். மகனுக்கு என்ன விலை சொன்னார்கள், கணக்கில் எவ்வளவு இருந்தது, எத்தனை நாள் தாங்கினான் என்பதை எங்கெல்லாம் கேட்பார்களோ அங்கெல்லாம் போய்ச் சொன்னார். “எல்லோருக்கும் இன்சுலின்” என்ற முழக்கத்தோடு இயங்கிய தன்னார்வலர்கள் அவரோடு நின்றார்கள். 2019-ல் வண்டிகளில் எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய், அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு அதே இன்சுலினை வாங்கிக் காட்டினார்கள். அந்தப் பயணங்களில் ஒன்று, இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பேண்டிங்குக்கு அந்த எண்ணம் உதித்த வீட்டின் வாசலுக்கே போனது; கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரில் இருக்கிறது அந்த வீடு. அந்த ஆண்டு சட்டம் நிறைவேறவில்லை. மறுபடி வந்தார்கள். 2020 ஏப்ரலில் மினசோட்டா மாநிலம் அலெக்கின் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது: அவசரத் தேவையில் இருப்பவர் 35 டாலருக்கு ஒரு மாத இன்சுலின் பெறலாம். மருந்து நிறுவனங்களின் சங்கம் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. ஆனாலும் அலை நிற்கவில்லை. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் மாதம் 35 டாலர் உச்சவரம்பு 2022-ல் சட்டமானது. 2023-ல் இன்சுலின் தயாரிக்கும் மூன்று பெரிய நிறுவனங்களும் விலையைப் பெருமளவு குறைப்பதாக அறிவித்தன. எல்லாப் புகழும் தன்னார்வலர்களுக்கே என்று சொல்ல மாட்டேன், அரசியல் கணக்குகளும் சந்தைக் கணக்குகளும் அதில் உண்டு. ஆனால் அந்தத் தாய் வாய் மூடியிருந்தால் அந்தச் சட்டம் வந்திருக்காது.

சட்டத்துக்குக் காத்திராமல் தாங்களே செய்துகொண்டவர்களும் உண்டு. 2013-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள் பொறியாளர், தன் நான்கு வயது மகனின் சர்க்கரை அளவைத் தன் அலுவலகத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்று, உடலில் பொருத்திச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் கருவியின் தரவை இணையத்துக்கு ஏற்றும் நிரலை எழுதினார். மற்றப் பெற்றோர்கள் அதை மேம்படுத்தினார்கள். நைட்ஸ்கவுட் என்ற இலவச மென்பொருள் அப்படிப் பிறந்தது. சியாட்டிலில் டானா லூயிஸ், தூங்கும்போது எச்சரிக்கை ஒலி தன்னை எழுப்பவில்லை என்ற பயத்தில் தொடங்கி, உடலுக்குள் இன்சுலின் செலுத்தும் பம்பைத் தானே இயக்கும் அமைப்பை உருவாக்கி, 2015-ல் அதன் செய்முறையை எல்லோருக்கும் திறந்துவைத்தார். “நாங்கள் காத்திருக்கவில்லை” என்பது அவர்களின் முழக்கம். சென்சார் வாங்க முடியாத நம் குழந்தைகளுக்கு இது இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. ரத்தச் சர்க்கரையைப் பார்க்க மீட்டரில் செருகும் ஸ்டிரிப்புக்கே திண்டாடும் வீட்டில் இதைப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

நம் நாட்டில் வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். நாக்பூரில் மருத்துவர் ஷரத் பெண்ட்சே தொடங்கிய ட்ரீம் டிரஸ்ட், ஏழைக் குழந்தைகளுக்குப் பல பத்தாண்டுகளாக இன்சுலின் கொடுத்துவருகிறது. பெண் குழந்தை என்றால் ஊசியை நிறுத்திவிடும் குடும்பங்களைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசினார். கோவையில் மருத்துவர் கிருஷ்ணன் சுவாமிநாதன் தொடங்கிய இதயங்கள் அறக்கட்டளை வசதியற்ற குழந்தைகளுக்கு இன்சுலினையும் பரிசோதனைப் பொருள்களையும் இலவசமாகத் தருகிறது. கேரளத்தில் ‘மிட்டாயி’ என்ற பெயரில் அரசே இத்தகைய குழந்தைகளுக்குத் திட்டம் நடத்துகிறது. பக்கத்து மாநிலத்தால் முடியும்போது நம்மாலும் முடியும் என்று கேட்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கல்யாணப் பேச்சு தொடங்கியதும் நோயை மறைக்கச் சொல்வார்கள். மறைத்துத் திருமணமான ஒரு பெண் மாமியார் வீட்டில் ஊசி போட இடமின்றி, குளியலறை ஜன்னல் மேட்டில் குப்பியை ஒளித்துவைத்திருந்தாள். தீர்ந்துபோனால் வாங்கித்தரச் சொல்ல யாருமில்லை. எங்கள் குழுவில் இதே நோயுள்ள, பிள்ளை பெற்று வளர்த்த ஓர் அக்கா இருக்கிறார். இப்படிப்பட்ட வீடுகளுக்கு அவரைத்தான் அனுப்புகிறோம். அவர் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, எல்லோர் முன்பும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்வார். நாங்கள் செய்யும் எந்தச் சொற்பொழிவும் அதற்கு ஈடாகாது.

பணத்தைப் பற்றி என் கருத்து கடுமையானது. இன்சுலினும் மீட்டரும் விற்கும் நிறுவனங்கள் நோயாளிக் குழுக்களுக்கு மனமுவந்து நிதி தரும். மீட்டரை இலவசமாகத் தருவார்கள், அதற்கு மட்டுமே பொருந்தும் ஸ்டிரிப்பை ஆயுள் முழுக்க நாம் வாங்க வேண்டும். டி1 இன்டர்நேஷனல் என்ற அமைப்பு மருந்து நிறுவனங்களிடம் பணம் வாங்குவதில்லை என்று கொள்கையாகவே வைத்திருக்கிறது. சிறு குழுக்களுக்கு அது கடினம் என்று எனக்குத் தெரியும். குறைந்தது, யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்பதை எல்லோரும் பார்க்க எழுதிவையுங்கள்.

வங்கிக்காரரான நீங்கள் எங்களுக்குத் தேவைப்படுவது இங்குதான். எங்களிடம் இரக்கம் நிறைய இருந்தது, பேரேடு இல்லை. எந்த வாரம் அரசு மருத்துவமனையில் இன்சுலின் தீர்ந்தது, எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள், ஒரு குடும்பம் ஸ்டிரிப்புக்கு மாதம் எவ்வளவு செலவழிக்கிறது, எந்தக் குப்பி எப்போது காலாவதியாகிறது என்று யாரும் குறிக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சேர்ந்து, ஒரு நீளமான நோட்டில் இவற்றை எழுதத் தொடங்கினார். குழந்தைகளின் பெயர் கிடையாது, எண் மட்டும். எட்டு மாதம் கழித்து அந்த நோட்டோடு மாவட்ட அதிகாரி ஒருவரைப் பார்த்தோம். அதுவரை எங்கள் மனுவை வாங்கி மேசையில் வைத்தவர், நோட்டின் பக்கங்களைப் புரட்டினார். “ஒவ்வொரு மூன்றாம் மாதக் கடைசியிலும் தீர்கிறதே” என்று அவரே சொன்னார். கொள்முதல் கேட்பை முன்கூட்டியே அனுப்ப ஏற்பாடு செய்தார். ஸ்டிரிப் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, அதற்கான நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை மருமகனோடு போகும்போது ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். வரிசையில் இருக்கும் பெற்றோரிடம் பேச்சுக் கொடுங்கள். நோய் எப்போது கண்டுபிடித்தார்கள், ஊசி எங்கே வாங்குகிறார்கள், ஸ்டிரிப் எத்தனை நாளுக்கு ஒன்று, பள்ளியில் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். அறிவுரை எதுவும் சொல்லாதீர்கள், முதல் சில வாரங்களுக்குக் கேட்பது மட்டும் போதும். அவர்கள் விரும்பினால் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பையைத் திறந்து காட்டச் சம்மதித்தால், குப்பியில் 40 என்று இருக்கிறதா 100 என்று இருக்கிறதா, சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் ஊசி போடுவதற்கு முன் அவர்களைச் செவிலியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.